பையைப் பிடிப்பதா, பை வரும் வழியைப் பிடிப்பதா?

(சென்னிமலை வட்டாரத்துக் கிராம நூலகம் ஒன்றில், வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தறியை நிறுத்திவிட்டு நேராக இங்கே வந்திருக்கிற அண்ணன்மார்களுக்கும், பின்னால் நிற்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போதே ஓர் அம்மா கேட்டார்: "பிளாஸ்டிக்கத்தான் தடை பண்ணீட்டாங்களே, அப்புறம் ஏனுங்க சந்தைல இன்னும் கேரி பேக் தொங்குது?" இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. கேரி பேக், தட்டு, டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனாக இருந்தாலும் கூடாது என்பதே உத்தரவு. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1 அன்று வந்தது. ஆனால் கேரி பேக்கை ஒன்றிய விதி முழுவதுமாக நிறுத்தவில்லை, தடிமனைத்தான் கூட்டியது. முதலில் 75 மைக்ரான், 2022 முடிவில் 120 மைக்ரான். இந்தத் தடிமன் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

மெல்லிய பிளாஸ்டிக் பையை நாடு முழுக்க முதலில் தடை செய்தது பணக்கார நாடு எதுவும் இல்லை. வங்கதேசம். ஆண்டு 2002. 1988இலும் 1998இலும் அங்கே பெருவெள்ளம். பை அடைத்த சாக்கடையில் தண்ணீர் வடியாமல் நின்றதை டாக்கா மக்கள் கண்ணால் பார்த்தார்கள். தடை வந்தது, சில காலம் பை குறைந்தது, பிறகு பழையபடி ஆனது. தயாரிக்கும் இடங்கள் ஓடிக்கொண்டே இருந்தன, கடைகளுக்கு மலிவான மாற்றுப் பை வந்து சேரவில்லை. கடைசியில் 2024இல் அதே நாடு அதே தடையைப் புதிதாக அறிவிக்க வேண்டியிருந்தது.

அதே 2002இல் அயர்லாந்து தடையே போடவில்லை. கடையில் பை வேண்டுமென்றால் 15 சென்ட் வரி, அதுவும் வாங்குகிறவர் கையிலிருந்து. கடைக்காரர் அதைத் தானே ஏற்றுக்கொண்டு பையைச் சும்மா கொடுக்கக் கூடாது. பை பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கொஞ்ச காலத்தில் லேசாகக் கூடியதும், 2007இல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள். போட்டதோடு விட்டுவிடாமல் கணக்குப் பார்த்துத் திருத்தினார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கென்யா நேர் எதிர். 2017 ஆகஸ்டில் வந்த தடையின்படி பை தயாரித்தாலோ விற்றாலோ நான்கு ஆண்டு வரை சிறை, 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம். தெருவில் பை நன்றாகவே குறைந்தது. ஆனால் எல்லை தாண்டிக் கடத்தலும் வந்தது. தண்டனை கடுமையாக இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் கென்யாவின் இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது தடிமனுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2014இல் மெல்லிய பைக்குத் தடைச் சட்டம் இயற்றினார்கள். 2016இல் மக்களே வாக்களித்து அதை உறுதி செய்தார்கள். ஆனால் 'திரும்பப் பயன்படுத்தலாம்' என்று சொல்லித் தடித்த பையைக் காசுக்கு விற்க ஒரு வழி விட்டிருந்தார்கள். என்ன ஆயிற்று? சனங்கள் தடித்த பையையும் ஒருமுறை பயன்படுத்தித்தான் எறிந்தார்கள். குப்பைக்குப் போன பைகளின் மொத்த எடை முன்பைவிடக் கூடிவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க 2024இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். மைக்ரான் கணக்கில் மட்டும் விதி எழுதினால் இந்த ஆபத்து உண்டு. நம் சந்தையில் எந்த அதிகாரி மைக்ரான் அளந்து பார்க்க முடியும்? தமிழ்நாடு தடிமன் பார்க்காமல் தடை செய்தது சரியான முடிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, உத்தரவு சரியாக இருந்தும் ஏன் பை தொங்குகிறது? இதற்கு வெளிநாடு போக வேண்டாம், ஒரத்துப்பாளையம் வரை போனால் போதும். 1992இல் நொய்யலின் குறுக்கே கட்டிய அணை. ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்குப் பாய வேண்டிய தண்ணீருக்காகக் கட்டியது, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனது. இங்கே இருக்கிற பலர் அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தவர்கள், அணையைச் சுற்றியுள்ள கிணற்றை நம்பிப் பயிர் வைத்துத் தோற்றவர்கள். ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். எத்தனையோ குடும்பங்களுக்கு வேலை போயிற்று, அந்த வலி சின்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது. பனியன் தொழில் அழியவில்லை. நொய்யல் முழுக்கத் தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விதி ஆற்றங்கரையில் நிற்காமல் பட்டறையின் குழாய் வாய்க்குப் போனதால்தான் இந்த அளவுக்காவது மாறியது என்று சொல்வேன்.

பிளாஸ்டிக்கில் நாம் இன்னும் ஆற்றங்கரையில்தான் நிற்கிறோம். கீரைக்கட்டு விற்கிற பாட்டியிடம் பத்துக் கவரைப் பறிமுதல் செய்து அபராதம் போடுகிறோம். அந்தக் கவரைக் கிலோக்கணக்கில் கொண்டுவந்து போட்டவர் அடுத்த சந்தைக்குப் போய்விடுகிறார். இது அநியாயம். மனது கேட்காமல்தான் சொல்கிறேன்.

பொருளைத் திரும்ப வாங்குகிற வழியும் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான பான பாட்டில்களுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை. காலி பாட்டிலைக் கொடுத்தால் காசு கைக்கு வந்துவிடும். நமக்கு மேலே நீலகிரியில், மது பாட்டில்கள் காட்டில் உடைந்து யானைக் காலைக் கிழித்ததால், நீதிமன்றம் சொல்லி 2022இல் அதே முறை வந்தது. பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, பாட்டிலைத் திருப்பினால் திருப்பிக் கொடுத்தார்கள். அது கண்ணாடி பாட்டில்தான். ஆனாலும் பத்து ரூபாய்க்காக மனிதர்கள் நடந்து வருவார்கள் என்று அங்கே தெரிந்தது. தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் கூடாது?

பிளாஸ்டிக் மாசைத் தடுக்கும் உலக ஒப்பந்தம் ஒன்றுக்காக 2022இல் நைரோபியில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியும் உடன்பாடு வரவில்லை. உற்பத்தியைக் குறைப்பதா, குப்பையை மட்டும் கையாள்வதா என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எண்ணெய் வளம் உள்ள நாடுகள் உற்பத்தியில் கை வைக்க விடவில்லை. அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்றுப் பைக்கு நம்மைவிட வசதியான ஊர் எது? சோமனூர், பல்லடத்தில் காடாத் துணி நெய்கிறோம், ஈரோட்டில் துணிச் சந்தை, திருப்பூரில் பனியன் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணி (கட்டிங் வேஸ்ட்) மூட்டை மூட்டையாக. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது, நல்லது. ஆனால் துணி மாதிரியே தெரியும் சில பைகளைக் கூர்ந்து பாருங்கள், அவை பாலிப்ரொப்பிலீன். அதுவும் பிளாஸ்டிக்தான். நம் தறியில் நெய்த பைக்குப் போட்டியாக அது வருவதை நாம் ஏன் விட வேண்டும்?

நான் கேட்பது இரண்டு. வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் ஏலம் எடுக்கிறவரின் ஒப்பந்தத்தில், கவர் மொத்த வியாபாரியைச் சந்தைக்குள் விட்டால் ஏலம் ரத்து என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சந்தை வாசலில் தையல் தெரிந்த மகளிர் குழுவுக்கு வாடகை இல்லாத ஒரு கடை. பத்து ரூபாய்க்குப் பை, திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். அடுத்த கிராம சபை அக்டோபர் 2இல். தீர்மானத்தின் வாசகம் இந்த மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, திருத்த வேண்டிய இடத்தில் திருத்தி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். வணக்கம்.