கழித்துவிட்ட குதிரைக்கு ஒரு லாயம்

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, வேப்பேரியிலிருந்து வந்து இந்த அவையைப் பெருமைப்படுத்தியிருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே, இந்தத் தண்டையார்பேட்டை மண்டபத்தை வாடகையின்றித் தந்த வணிகர் சங்கப் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு அணிவித்த சால்வையை எங்கள் தெரு வாசகசாலைக் காவலாளிக்கு அளிக்கிறேன். பந்தயக் குதிரைகளுக்காக, சட்டம், சவுக்கு, ஓய்வு என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1974இல் தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது திறமையைச் சார்ந்த ஆட்டம், சூதாட்டம் அன்று என்று 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. பணத்தையும் நிலத்தையும் பற்றி இத்தனை பேசிய நாம், ஓடிய குதிரை எங்கே போயிற்று என்று கேட்டோமா? ‘குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்பார்கள். இங்கே தள்ளியதும் மனிதன், குழி பறித்ததும் மனிதன்.

என் தந்தையார் வண்ணாரப்பேட்டையில் ஜட்கா என்னும் குதிரை வண்டி ஓட்டியவர். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு பெண் குதிரையைத் தரகர் ஒருவரிடம் வாங்கி வந்தார். முன்னங்கால் ஒன்றில் தடித்த வீக்கம், விலாவில் மயிர் முளைக்காத கோடுகள். கொள்ளுத் தானியத்தைக்கூட உள்ளங்கையில் வைத்து நீட்டினால்தான் தின்னும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது அதன் உடல் நடுங்கும், காதுகள் விறைக்கும். கேட் மேலே எழுந்ததுதான் தாமதம், வண்டியில் ஆள் இருப்பதையும் மறந்து, வீங்கிய காலை ஊன்றிப் பாயும். ஒருநாள் அரிசி மூட்டையோடு ஒரு பாட்டியம்மாள் சாலையில் விழுந்தார். எல்லோரும் குதிரையை அடிக்கச் சொன்னார்கள். தந்தையார் அடிக்கவில்லை. “பந்தயம் முடிஞ்சுதுன்னு அதுக்கு யாருமே சொல்லலைம்மா” என்றார். அன்று முதல் கேட் மூடியிருக்கும்போதெல்லாம் இறங்கி, தோள் துண்டால் அதன் கண்களை மூடி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசி வண்டியும் போன பிறகே நடத்திப் போவார். பின்னால் நிற்பவர்கள் ஏசுவார்கள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே, எலும்பு முற்றுமுன், ஓடத் தொடங்குகிறது. ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் அதன் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஆயுளோ இருபத்தைந்து ஆண்டுகள் வரை நீள்கிறது. ஏறத்தாழ 450 கிலோ உடலைத் தாங்கும் அந்தக் கால்களில் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும் தசைநாண்களும் தோலும்தான். முறிந்தால் ஒட்டுவது அரிது. சவுக்கைப் பற்றி மருத்துவர் விரிவாகப் பேசுவார். பந்தயத்தில் குதிரையை அடிப்பதை நார்வே 1982லேயே தடை செய்தது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

என் கோரிக்கை ஓய்வைப் பற்றியது. பந்தயத்தில் கட்டும் முழுத் தொகைக்கும் 2023 அக்டோபரில் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. ஓடிச் சம்பாதித்துக் கொடுக்கும் உயிருக்கு அந்த வரியில் ஒரு பிடி கொள்ளு சேர வேண்டாமா? ஒவ்வொரு குதிரையின் பெயரிலும் ஓய்வுக்கால வைப்புநிதி வேண்டும். கைமாறும்போது அந்தக் கணக்கும் கூடவே போக வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் இந்த வடசென்னையிலேயே முதிய குதிரைகளுக்கு ஒரு லாயமும், நிழலும், தண்ணீர்த் தொட்டியும் அமைய வேண்டும். தள்ளிய கை, தோண்டிய குழியை மூடட்டும்.

அம்மையார் அவர்கள் இதை மாமன்றத்தில் எழுப்புவதாக மேடையிலேயே வாக்களித்திருக்கிறார். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறோம். தேநீருக்குப் போகுமுன் கையெழுத்திடுங்கள்.