251: ஒரு கவச வண்டியும் அதன் இருபத்து மூன்று வகைகளும்

அவைத் தலைவர் அவர்களுக்கும், ராணுவ வரலாற்றில் ஆர்வம் கொண்டு இங்கே கூடியிருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் தரைப்படைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் டைகர், பாந்தர், டி-34 என்று டாங்கிகளின் பெயர்களே முதலில் வருகின்றன. அந்த டாங்கிகளின் பின்னால் புழுதியைக் குடித்துக்கொண்டு வந்த, மேற்கூரை இல்லாத, முன்புறம் ரப்பர் சக்கரமும் பின்புறம் சங்கிலிப் பட்டையும் கொண்ட வண்டியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஜெர்மன் ராணுவத்தின் சிறப்பு வாகன வரிசையில் 251 என்ற எண்ணைப் பெற்ற அந்த அரைச்சங்கிலி வண்டியே இன்று என் பொருள். அடிப்படை வகையான 251/1 தொடங்கி 251/23 வரை அதற்கு வரிசை எண்கள் கொடுக்கப்பட்டன. இந்தப் பட்டியலைப் பார்ப்பவர்கள் ஜெர்மன் பொறியியலின் வளத்துக்குச் சான்றாக அதைக் காட்டுவது வழக்கம். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். எந்த ஆண்டில் எந்த வகை வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், அந்த ராணுவத்துக்கு எந்த ஆண்டில் எது இல்லாமல் போயிற்று என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1935இல் ஜெர்மனி டாங்கிகளை மையமாகக் கொண்ட தன் முதல் மூன்று பன்சர் டிவிஷன்களை அமைத்தபோது, டாங்கிகள் தனியாகப் போரிட முடியாது, காலாட்படையும் பீரங்கிப்படையும் பொறியாளர் படையும் அவற்றின் வேகத்திலேயே உடன் வர வேண்டும் என்று ஹைன்ஸ் குடேரியன் போன்ற அதிகாரிகள் வலியுறுத்தினர். சாலையில் லாரி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும். உழுத வயலிலும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும் ஈடுகொடுக்காது. எனவே ஹனோவர் நகரின் ஹானோமாக் நிறுவனம் பீரங்கி இழுப்பதற்காகச் செய்துவந்த 3 டன் அரைச்சங்கிலி இழுவை வண்டியின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன் மேல் சாய்ந்த கவசத் தகடுகளால் ஒரு கூட்டை அமைத்தார்கள். முன்புறத் தகடு 14.5 மில்லிமீட்டர், பக்கத் தகடு 8 மில்லிமீட்டர். சாதாரணத் துப்பாக்கிக் குண்டையும் குண்டுச் சிதறலையும் தடுக்க அது போதும். டாங்கி எதிர்ப்பு பீரங்கியின் முன் அது ஒன்றுமே இல்லை. ஓட்டுநரையும் தளபதியையும் தவிர பத்து வீரர்கள் உள்ளே எதிரெதிராக அமர்ந்தார்கள். பின்கதவு வழியாக இறங்கலாம், அவசரமானால் பக்கச் சுவரைத் தாண்டியும் குதிக்கலாம். மேலே வானம் திறந்திருந்ததால், நின்றுகொண்டு சுட முடிந்த அதே வீரர்கள் மேலிருந்து விழும் எறிகுண்டுக்கும் மோர்ட்டார் குண்டுக்கும் இலக்கானார்கள்.

இயந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பின்னால் வந்த சிக்கல்கள் பலவும் அதில்தான் வேர்கொண்டிருக்கின்றன. ஆறு சிலிண்டர் கொண்ட மேபாக் பெட்ரோல் இயந்திரம் 100 குதிரைத்திறன் தந்தது. சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும்; ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போகும். முன்சக்கரங்களுக்கு இயந்திரத்தின் விசை செல்வதில்லை. அவை திசை திருப்ப மட்டுமே. சுக்கானைச் சிறிது திருப்பினால் முன்சக்கரம் மட்டும் திரும்பும். மேலும் திருப்பினால் உட்புறச் சங்கிலிப் பட்டையின் வேகம் தடுக்கப்பட்டு வண்டி வளையும். சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு கண்ணியும் எண்ணெய் இடப்பட்ட ஊசி உருளைத் தாங்கிகளில் சுழன்றது. தரையைத் தொடும் முகத்தில் ரப்பர் பதிக்கப்பட்டிருந்தது. சாலைச் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி அடுக்கப்பட்டதால் எடை சீராகப் பரவி, கரடான நிலத்திலும் பயணம் மென்மையாக இருந்தது. ஆனால் உள்வரிசைச் சக்கரம் ஒன்று கெட்டால் அதை எடுக்க வெளிவரிசைச் சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிர்காலத்தில் அந்த இடுக்குகளில் சேறு புகுந்து உறைந்தது. நல்ல பட்டறையும் தேர்ந்த தொழிலாளர்களும் இருக்கும் நாட்டில் அமைதிக் காலத்தில் செய்வதற்கு உரிய அழகான வடிவமைப்பு இது. கிழக்குப் போர்முனை கேட்டதோ ஆயிரக்கணக்கில் விரைவாகச் செய்யக்கூடிய ஒன்றை.

இந்த முரணை உற்பத்தி எண்ணிக்கையே காட்டிவிடுகிறது. 1939இல் 232 வண்டிகள், 1940இல் 337, 1941இல் 424. போலந்தையும் பிரான்ஸையும் வென்று, சோவியத் நாட்டுக்குள் பல நூறு கிலோமீட்டர் ஊடுருவிய ஆண்டுகளில் மொத்தமே ஆயிரத்தை எட்டவில்லை. அந்த வேகப் போர்களில் பன்சர் டிவிஷன்களின் காலாட்படையில் மிகப் பெரும்பாலோர் லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும்தான் போனார்கள். 1942இல் 1,200 வண்டிகள் வந்தன; 1943இல் 4,258; 1944இல் 7,785. ஜெர்மனி எல்லா முனைகளிலும் பின்வாங்கிக்கொண்டிருந்த ஆண்டில்தான் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. 1945இன் சில மாதங்களில் வந்த 1,016 வண்டிகளையும் சேர்த்தால் மொத்தம் 15,252.

அடிப்படை உடலமைப்பில் ஏ, பி, சி, டி என்ற நான்கு மாதிரிகள் உண்டு. முதல் மாதிரியில் பக்கச் சுவர்களில் வீரர்கள் வெளியே பார்க்கும் துளைகள் இருந்தன. இரண்டாவதில் அவை நீங்கின. மூன்றாவதில் இரு தகடுகளாக இருந்த மூக்குப் பகுதி ஒரே தகடாயிற்று. 1943இன் பிற்பகுதியில் வந்த டி மாதிரியில்தான் பெரிய மாற்றம் நடந்தது. இரண்டு திசைகளில் மடிந்திருந்த பின்புறச் சுவர் ஒரே சாய்வுத் தகடாயிற்று. பக்கங்களில் தனியாகப் பொருத்தப்பட்ட பெட்டிகள் உடலோடு ஒன்றாயின. வெட்ட வேண்டிய தகடுகளின் எண்ணிக்கை குறைந்தது. இன்று அருங்காட்சியகத்தில் ஒரு 251ஐக் கண்டால் முதலில் அதன் பின்கதவைப் பாருங்கள். அது டி மாதிரியா, அதற்கு முந்தியதா என்று உடனே சொல்லிவிடலாம்.

இனி வகைகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. தொலைபேசிக் கம்பி இழுக்கும் வண்டி, பீரங்கிப்படையின் கண்காணிப்பு வண்டி போன்றவை தமக்குரிய வேலையை அமைதியாகச் செய்தவை. முதலில் பிறந்த வகைகள் அனைத்தும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தன: டாங்கியோடு போகும் படைப்பிரிவுக்குத் தேவையான ஒவ்வொருவரும் அதே வேகத்தில், அதே கவசத்துக்குள் போக வேண்டும். 251/2 மோர்ட்டாரைச் சுமந்தது. 251/3 வானொலி வண்டி. 1940 மே மாதத்தில் பிரான்ஸில் குடேரியன் அத்தகைய வானொலி வண்டிக்குள் நிற்க, அவர் எதிரே வீரர்கள் எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டு இயந்திரத்தில் செய்தியைக் கையாளும் படம் பலருக்கும் அறிமுகமானது. தளபதி போர்முனையிலேயே இருந்துகொண்டு தன் படை முழுவதையும் நடத்த முடியும் என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது. அந்த ஆண்டின் வெற்றியில் பீரங்கிகளுக்கு இருந்த பங்குக்குக் குறையாத பங்கு இந்த வானொலிக்கும் உண்டு என்பது என் துணிபு. 251/7 பொறியாளர் படைக்கு உரியது. அகழிகளைக் கடக்கும் சிறு பாலத் தளங்களை இருபுறமும் ஏந்திச் சென்றது. 251/8 காயமுற்றோரை ஏற்றும் வண்டி.

இவற்றில் எங்கும் பதற்றம் தெரியவில்லை. பதற்றம் தெரிவது அடுத்த வரிசையில். 251/10 என்பது பிளாட்டூன் தலைவருக்கு உரிய வண்டி, அதில் 3.7 செண்டிமீட்டர் டாங்கி எதிர்ப்பு பீரங்கி பொருத்தப்பட்டது. 1941இல் சோவியத் டி-34 டாங்கியின் முன்கவசத்தை அந்தக் குண்டு துளைக்கவில்லை. 1942இல் நான்காம் பன்சர் டாங்கிக்கு நீளக் குழல் பீரங்கி கொடுக்கப்பட்டபோது, அதன் பழைய 7.5 செண்டிமீட்டர் குட்டைக் குழல் பீரங்கிகள் மிஞ்சின. அவற்றை எடுத்து 251இன் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பொருத்தியதே 251/9. நகரும் காலாட்படைக்குத் தன் கையிலேயே ஒரு பீரங்கி கிடைத்தது. மண் அரணையும் இயந்திரத் துப்பாக்கிக் கூட்டையும் அது நன்றாகவே உடைத்தது. எல்லா வகைகளிலும் பயனும் செலவும் மிகப் பொருந்தியது இதுதான் என்று நான் கருதுகிறேன். ஆனாலும் டாங்கிகள் போதுமான அளவில் இருந்திருந்தால், எட்டு மில்லிமீட்டர் சுவருக்குப் பின்னால் நின்று நேருக்கு நேர் பீரங்கி சுட வேண்டிய கட்டாயம் அந்த வீரர்களுக்கு வந்திராது.

அடிப்படை வண்டியின் இருபக்கமும் சட்டங்களைத் தொங்கவிட்டு, 28 அல்லது 32 செண்டிமீட்டர் ராக்கெட்டுகள் ஆறு ஏற்றிய அமைப்பும் இருந்தது. குறிபார்க்க வண்டியையே இலக்கின் பக்கம் திருப்ப வேண்டும்; ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரம் போகும்; துல்லியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கட்டடத் தொகுதியைத் தரைமட்டமாக்கவே அது உதவியது. 251/16 அதைவிடக் கொடியது. 1943இல் வந்த அந்தத் தீயுமிழ் வண்டி 700 லிட்டர் எரிதிரவத்தை ஏற்றிக்கொண்டு, இருபக்கமும் இருந்த குழாய்களால் ஏறத்தாழ 35 மீட்டர் தூரத்துக்கு நெருப்பைப் பீய்ச்சியது. மெல்லிய சுவருக்குள் 700 லிட்டர் எரிதிரவத்தோடு அமர்ந்தவர்களின் நிலையையும், அந்த நெருப்புக்கு எதிரே இருந்தவர்களின் நிலையையும் மறந்துவிட்டு இதை வெறும் தொழில்நுட்பமாகப் பேச எனக்கு மனமில்லை.

1944 முதல் வந்தவை முழுக்கத் தற்காப்பின் பிள்ளைகள். வானம் நேச நாடுகளின் கைக்குப் போய்விட்டது. பகலில் சாலையில் ஓடிய ஒவ்வொரு வண்டியையும் தாழப் பறந்த விமானங்கள் தேடிச் சுட்டன. அதற்கு விடையாக, விமானங்களில் பொருத்துவதற்காகச் செய்யப்பட்ட பீரங்கித் துப்பாக்கிகளை மூன்று மூன்றாகச் சேர்த்து வண்டியின் நடுவே நிறுத்தியதே 251/21. விமானத்தில் இருக்க வேண்டிய ஆயுதம் தரையில் நிற்கிறது என்பதே அந்த ஆண்டின் நிலையைச் சொல்கிறது. 251/22இல் முழு 7.5 செண்டிமீட்டர் டாங்கி எதிர்ப்பு பீரங்கியையே ஏற்றினார்கள். ஒன்றரை டன்னை நெருங்கிய அந்தப் பீரங்கியின் எடையைத் தாங்க அடிச்சட்டம் திணறியது. முன்சக்கரங்களுக்கும் அச்சுக்கும் சுமை மிகுந்தது. சுடும் திசையும் குறுகியது. போர்த்துறைப் பொறியாளர்கள் அறியாத குறை அல்ல அது. ஆனால் சோவியத் டாங்கிகளை நிறுத்த ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, கையில் இருந்ததோ இந்த அடிச்சட்டம் மட்டுமே.

இவற்றுள் மிக விந்தையானது 251/20. அதன் மேல் 60 செண்டிமீட்டர் விட்டமுள்ள அகச்சிவப்பு விளக்கு ஒன்று நின்றது. பாந்தர் டாங்கியில் பொருத்தப்பட்ட இரவுப் பார்வைக் கருவியின் சிறு விளக்கு சில நூறு மீட்டர் தூரம்தான் எட்டும்; இந்த வண்டியின் பெரிய விளக்கு கண்ணுக்குத் தெரியாத ஒளியை ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பாய்ச்ச, பாந்தர் இருட்டில் குறிபார்க்க முடியும். போரின் கடைசி மாதங்களில் மிகச் சிறிய எண்ணிக்கையில்தான் அது வந்தது. பகலில் நடமாட முடியாத படை இரவைத் தேடிப்போனது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இத்தனை வேலைகளும் ஒரே அடிச்சட்டத்தின் மேல் ஏறியபோது, அது எதற்காகப் பிறந்ததோ அந்த வேலைக்கு வண்டி குறைந்துபோனது. 1942 ஜூலையில் டாங்கிகளோடு செல்லும் காலாட்படைக்குப் பன்சர்கிரெனடியர் என்ற பெருமைக்குரிய பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் வழக்கமான ஒரு பன்சர் டிவிஷனின் நான்கு காலாட்படை பட்டாலியன்களில் ஒன்றுக்கு மட்டுமே இந்த வண்டிகள் கிடைத்தன; ஏனைய மூன்றும் போர் முடியும்வரை லாரியிலேயே சென்றன. அதே காலத்தில் அமெரிக்கா ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அரைச்சங்கிலி வண்டிகளைச் செய்து, தன் கவச டிவிஷன்களின் காலாட்படை பட்டாலியன்கள் அனைத்துக்கும் கொடுத்தது. அமெரிக்க வண்டியின் பட்டை ரப்பரால் ஆனது, முன்சக்கரங்களும் விசை பெற்றவை, பெரும்பாலான பாகங்கள் லாரித் தொழிலிலிருந்து வந்தவை. கவசத்தின் சாய்வில் ஜெர்மன் வண்டியே மேல். ஆனால் காலாட்படை வீரனுக்குப் பயன்பட்டது அவனுக்குக் கிடைத்த வண்டிதான்.

இந்த வண்டி எதிரியின் கைக்கும் போனதுண்டு. 1944 ஆகஸ்டில் வார்சா நகரில் எழுந்த போலந்து எழுச்சியாளர்கள், நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த வைக்கிங் டிவிஷனின் 251 ஒன்றை ஆகஸ்ட் 14 அன்று கைப்பற்றி, தங்கள் நாட்டுச் சின்னத்தை அதன் மேல் தீட்டினார்கள். ஒரு லாரியின் மேல் இரும்புத் தகடுகளை ஒட்டி அவர்களே கட்டிய ‘குபுஷ்’ என்ற கவச வண்டியோடு சேர்ந்து, ஆகஸ்ட் 23 அன்று பல்கலைக்கழக வளாகத்தின் மீது நடந்த தாக்குதலில் அது பங்கெடுத்தது. தாக்குதல் தோற்றது. குபுஷ் இன்றும் வார்சாவில் பாதுகாக்கப்படுகிறது. இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: 1944இன் பெரும் உற்பத்தி எண்ணிக்கைக்குப் பின்னால் ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்ட மக்களின் கட்டாய உழைப்பு இருக்கிறது. அந்தக் காலத்து ஜெர்மன் ஆயுதத் தொழில் முழுவதும் அதன் மேல்தான் நின்றது.

போர் முடிந்ததும் வண்டியின் கதை முடியவில்லை. போர்க்காலத்தில் ஆக்கிரமிப்பின் கீழ் ஸ்கோடா ஆலையில் 251 செய்த செக்கோஸ்லோவாக்கியா, 1950களின் கடைசியில் அதே வடிவத்தை டாட்ரா நிறுவனத்தின் காற்றால் குளிரும் டீசல் இயந்திரத்தோடு ஓ.டி-810 என்ற பெயரில் மீண்டும் செய்தது. திறந்திருந்த வானத்தையும் பின்னர் கவசத்தால் மூடினார்கள். மேற்கு ஜெர்மனியோ அரைச்சங்கிலியையே கைவிட்டது. புதிய ராணுவத்துக்கு அது தேர்ந்த எச்.எஸ்.30 முழுச் சங்கிலிப் பட்டையும், மூடிய கூரையும், சுழலும் கோபுரத்தில் 20 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்டது. காலாட்படை வண்டிக்குள்ளிருந்தே போரிட வேண்டும், அதற்குக் கூரையும் வேண்டும், இயந்திரத் துப்பாக்கியைவிடப் பெரிய ஆயுதமும் வேண்டும் என்பதை 251இல் போரிட்டு மீண்டவர்கள் கேட்டுப் பெற்றார்கள். ஓ.டி-810 வண்டிகள் படைப்பணியிலிருந்து நீங்கியபின், சேகரிப்பாளர்களும் திரைப்பட நிறுவனங்களும் அவற்றில் பலவற்றை வாங்கி, கூரையை அகற்றி, டி மாதிரிபோலத் தோன்றும்படி மாற்றி ஓட்டினார்கள். போர்ப் படங்களில் நாம் காணும் 251களில் கணிசமானவை அந்தச் செக் வண்டிகளே.