துண்டு போட்டு வைத்த இடம்

அவைத்தலைவர் அவர்களே, வேலை முடிந்த கையோடு நூலகத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பண்டிகைக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியும். வண்டி உள்ளே வந்து திரும்பி நிற்பதற்குள் ஒருவர் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஒரு சீட்டில் துண்டைப் போட்டுவிடுவார். படியேறி வருகிறவர் சீட்டைப் பார்ப்பார், துண்டைப் பார்ப்பார், பேசாமல் பின்னால் போய்விடுவார். எப்போதாவது ஒருவர்தான் அங்கேயே நின்று, "யார் சார் இங்கே?" என்று கேட்பார். நான் இன்று பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றி. அரசியலில் வீட்டுப் பெயரால் இடம் பிடிக்கிறவர்களிடம் அது கேட்கப்பட்ட இடம் அமெரிக்கா.

1960 நவம்பரில் ஜான் கென்னடி அதிபர் தேர்தலில் ஜெயித்தார். அதுவரை அவர் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டர், அதாவது நாடாளுமன்ற மேல்சபை உறுப்பினர். அந்த இடம் காலியானது. தம்பி எட்வர்டு கென்னடிக்கு அப்போது 28 வயது. செனட்டர் ஆக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது அந்த நாட்டு அரசியல் சட்டம். அண்ணனோடு ஹார்வர்டில் ஒரே அறையில் தங்கிப் படித்த பெஞ்சமின் ஸ்மித் என்பவரை அந்த இடத்தில் நியமித்தார்கள். அவர் ஏறக்குறைய இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். 1962 பிப்ரவரியில் தம்பிக்கு 30 நிரம்பியது. அந்த வருஷத் தேர்தலில் ஸ்மித் நிற்கவில்லை, தம்பி நின்றார்.

ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்தவர் எட்வர்டு மெக்கார்மக். மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல். தெற்கு பாஸ்டனில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் இருவருக்கும் விவாதம். கென்னடியின் முழுப்பெயர் எட்வர்டு மூர் கென்னடி. மெக்கார்மக் அவரை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னார்: உங்கள் பெயர் வெறும் எட்வர்டு மூர் என்று இருந்தால், உங்களுக்கு இருக்கும் தகுதிக்கு, நீங்கள் வேட்பாளராக நிற்பதே ஒரு வேடிக்கையாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இதைவிடப் பச்சையாக யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் என்ன நடந்தது? அடித்தவர்மேல் மக்களுக்குக் கோபம் வந்தது, அடி வாங்கி அமைதியாக நின்ற இளைஞன்மேல் பரிவு வந்தது. கென்னடி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்ட மெக்கார்மக், அன்றைக்குப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்தவரின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. நவம்பரில் குடியரசுக் கட்சி சார்பில் நின்றவர் ஜார்ஜ் லாட்ஜ். அவருடைய அப்பாவைத்தான் 1952-ல் ஜான் கென்னடி தோற்கடித்து இதே இடத்தைப் பிடித்தார். அந்த அப்பாவின் தாத்தா 1916-ல் கென்னடிகளின் தாய்வழித் தாத்தாவைத் தோற்கடித்தவர். சுயேச்சையாக நின்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் ஹியூஸ், 1916-ல் அதிபர் தேர்தலில் நின்று தோற்ற சார்லஸ் இவான்ஸ் ஹியூஸின் பேரன். ஒரே தொகுதி, நான்கு பேர், நான்கு பேருமே வீட்டுப் பெயரோடு வந்தவர்கள். பட்டம் எதையும் அரசாங்கம் வழங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த நாட்டில்தான் இது.

ஏன் இப்படி என்று யோசித்தால், அவர்களுடைய தேர்தல் முறையிலேயே விடை இருக்கிறது. அங்கே கட்சித் தலைமை கூப்பிட்டு 'சீட்' கொடுப்பதில்லை. உட்கட்சித் தேர்தலில் மக்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியென்றால் ஒவ்வொருவரும் சொந்தமாகப் பணம் திரட்ட வேண்டும், சொந்தமாக ஆள் சேர்க்க வேண்டும், முன்பின் தெரியாத ஊரில் போய்த் தன் பெயரை மனதில் பதிய வைக்க வேண்டும். அப்பா ஏற்கெனவே செய்து முடித்திருந்தால் பிள்ளைக்கு அது பாதி வேலை. நன்கொடையாளர் பட்டியல் கைமாறும். பெயர் ஏற்கெனவே வாக்காளர் நாவில் இருக்கும். ஆனால் அதே முறை வாக்காளர் கையில் ஒரு தடையையும் கொடுத்திருக்கிறது. அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் பனிக்காலத்தில் நடக்கும் முதல் தேர்தல்களிலேயே, கட்சிக்காரர்களே அந்தத் துண்டை எடுத்துக் கீழே வைத்துவிட முடியும்.

வீட்டுப் பெயர் எப்போது ஜெயிக்கிறது, எப்போது தோற்கிறது? பல வருஷம் இதைப் பார்த்துவிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு இது. பூர்வீகச் சொத்து வரும்போது பூர்வீகக் கடனும் சேர்ந்து வரும். எதிர்க்கட்சி ஆட்சியில் இருந்தால் கடனைப் பற்றி யாரும் கேட்பதில்லை, சொத்து மட்டும் கண்ணில் படும். 2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வருஷம் பில் கிளிண்டன் ஆண்டு முடித்திருந்தார். எதிரே நின்றவர் கிளிண்டனின் துணை அதிபர் அல் கோர். அதனால், முன்னாள் அதிபரின் மகனான ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷே மாற்றத்தின் பெயரால் வாக்குக் கேட்க முடிந்தது! அப்பாவை 1992-ல் மக்கள் வீட்டுக்கு அனுப்பி எட்டு வருஷம் ஆகியிருந்தது. தம்பி ஜெப் புஷ் ஆளுநராக இருந்த ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம். உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியது. மகன் அதிபர் ஆனார். 1932-ல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் அப்படித்தான். தியோடர் ரூஸ்வெல்ட்டின் தூரத்து உறவு, அவருடைய அண்ணன் தம்பி வழிப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். பழைய பெயர், ஆனால் வேலையில்லாமல் வரிசையில் நின்ற மக்களுக்கு அப்போதைய அதிபர் ஹூவரிடமிருந்து விடுதலை தரும் ஆளாகத் தெரிந்தார்.

கடன் கண்ணில் பட்ட கதைக்கு வருகிறேன். 2015. ஜெப் புஷ் அதிபர் பதவிக்குப் போட்டியிடத் தயாராகிறார். அவரை ஆதரித்த அமைப்பு ஒன்று ஆறு மாதத்தில் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஃபுளோரிடாவை இரண்டு முறை ஆண்டவர், உழைப்பாளி, கொள்கை விவரங்களை நன்றாகப் படித்தவர். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அந்த மே மாதம் தொலைக்காட்சிப் பேட்டியில் ஒரு கேள்வி வந்தது. இன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கே தெரிந்திருந்தால், 2003-ல் உங்கள் அண்ணன் செய்ததுபோல் ஈராக் மீது படையெடுக்க ஒப்புக்கொண்டிருப்பீர்களா? ஒப்புக்கொண்டிருப்பேன் என்றார். எதிர்ப்பு கிளம்பியது. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றார். பிறகு, கற்பனைக் கேள்விக்குப் பதில் இல்லை என்றார். சில நாள் தடுமாறிய பிறகுதான், நான் போயிருக்க மாட்டேன் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்தது.

அந்தச் சில நாளை நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. வேறு எந்த வேட்பாளருக்கும் அரை நிமிஷத்தில் முடிந்துபோகும் கேள்வி அது. அவருக்கோ, 'அது தப்பு' என்று சொன்னால் அண்ணனைத் தெருவில் நிறுத்தியதாகும். சொல்லாவிட்டால் நாட்டைக் கைவிட்டதாகும். தம்பியாக இருப்பதும் வேட்பாளராக இருப்பதும் அந்த ஒரு கேள்வியில் முட்டிக்கொண்டன. மாற்றம் வேண்டும் என்று கேட்கிற மக்களிடம், எதிலிருந்து மாற்றம் என்பதையே வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் என்ன கொடுக்க முடியும்?

அவருக்கும் இது தெரியாமல் இல்லை. அந்த ஜூனில் மயாமியில் போட்டியை முறைப்படி அறிவித்தபோது, குடும்பத்தால் இந்தப் பதவிக்கு யாருக்கும் உரிமை கிடையாது, இது யாருடைய முறையும் இல்லை என்று தன் வாயாலேயே சொன்னார். பிரச்சாரச் சின்னத்தில் 'ஜெப்' என்ற சொல்லும் ஓர் ஆச்சரியக்குறியும் இருந்தன, புஷ் என்ற பெயரே இல்லை. பெற்ற தாய் பார்பரா புஷ் இரண்டு வருஷம் முன்பே தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார், வெள்ளை மாளிகைக்குப் புஷ்கள் போனது போதும், தகுதியானவர்கள் வேறு எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று. பிறகு அதே தாய், 90 வயதில், நியூ ஹாம்ப்ஷயர் பனியில் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு மகனுக்காக வாக்குக் கேட்டார். தாய் மனசு அது, வேறென்ன சொல்ல. 2016 பிப்ரவரி 20 அன்று தென் கரோலினா உட்கட்சித் தேர்தல் முடிவு வந்த இரவே ஜெப் விலகிக்கொண்டார்.

ஹிலாரி கிளிண்டனைப் பற்றிப் பேசும்போது ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். கணவன் பெயரால் வந்தவர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க அரசியலில் பெண்களுக்கு வெகுகாலம் பெரும்பாலும் திறந்திருந்த வாசல் அதுதான். செனட்டுக்கு மக்களால் முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் ஹேட்டி கேரவே, இறந்துபோன கணவரின் இடத்துக்கு 1931-ல் நியமிக்கப்பட்டவர். மறு வருஷம் அவரே நின்று ஜெயித்தார். ஆண் வாரிசையும் இந்தப் பெண்களையும் ஒரே தராசில் வைக்க எனக்குச் சம்மதம் இல்லை.

இருந்தாலும் வாக்காளர் கண்ணுக்கு என்ன தெரிந்தது? 1981 ஜனவரியிலிருந்து 2009 ஜனவரி வரை 28 வருஷம், அதிபராகவோ துணை அதிபராகவோ ஒரு புஷ் அல்லது ஒரு கிளிண்டன் இல்லாத நாளே கிடையாது. 2008-ல் அந்த வரிசையில் இன்னொரு கிளிண்டன். லாஸ் ஏஞ்சலிஸ் விவாதத்தில் இதைக் கேட்டபோது ஹிலாரி சாமர்த்தியமாகப் பதில் சொன்னார். முதல் புஷ் விட்டுப்போனதைச் சுத்தம் செய்ய ஒரு கிளிண்டன் தேவைப்பட்டார், இரண்டாவது புஷ்ஷுக்குப் பிறகும் இன்னொருவர் தேவைப்படலாம் என்றார். கைத்தட்டல் வாங்கிய பதில். ஆனால் அயோவாவில் அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டிருந்தது. பராக் ஒபாமா முதலிடம், ஹிலாரி மூன்றாமிடம். அந்த நவம்பரில், பொதுத் தேர்தல் நாளில் நாடு முழுவதும் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணக்கெடுப்பில், மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாற்றம் கொண்டுவரும் திறமையே முக்கியம் என்றார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 10-க்கு 9 பேர் ஒபாமா பக்கம். 2016-ல் ஹிலாரி டிரம்பை எதிர்த்து நின்றபோது, அதே கேள்விக்கு அதே பதில் சொன்னவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் டிரம்ப் பக்கம். இந்த இரண்டு பேருக்கும் இடையே ஒற்றுமை எதுவும் தேட வேண்டாம். மக்கள் கேட்ட கேள்வி ஒன்றே, வந்து நின்ற பதில்தான் வேறு. ஹிலாரிக்கு நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் மேல் வாக்கு அதிகம் கிடைத்தும், மாநில வாரியாக வெற்றியைக் கணக்கிடும் அந்த முறையில், மூன்று மாநிலங்களில் மொத்தமாகச் சுமார் 78,000 வாக்கில் எல்லாம் கைநழுவியது.

இந்தக் கடன் ரத்த உறவால் மட்டும் வருவதில்லை என்பதற்கு நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. 2024-ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்காகக் கோயிலில் பூஜை நடந்தது. அவருடைய தாய்வழித் தாத்தா அந்த ஊர்க்காரர். எந்த அரசியல் குடும்பத்திலும் பிறக்காதவர், தாய் படிக்கப் போய்த் தங்கிய நாட்டில் துணை அதிபர் ஆனவர். அந்த அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேட்டார்கள், கடந்த நான்கு வருஷத்தில் பைடன் செய்ததில் நீங்கள் எதை வேறு மாதிரி செய்திருப்பீர்கள் என்று. மனதுக்கு எதுவும் தோன்றவில்லை என்றார். ஜெப் புஷ் மாட்டிக்கொண்ட அதே கேள்விதான். அந்த வருஷம் உட்கட்சித் தேர்தல் எதிலும் அவர் அதிபர் வேட்பாளராக மக்கள் முன் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தோல்வி எனக்கு வலித்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஆரம்பித்த இடத்துக்கே போகிறேன். எட்வர்டு கென்னடி அந்த நாற்காலியில் 2009-ல் சாகும்வரை ஏறக்குறைய 47 வருஷம் இருந்தார். ஏழைகளுக்கான சட்டங்கள் பலவற்றில் அவர் கை இருக்கிறது. பெயரால் வந்தவர், உழைப்பால் நிலைத்தார். ஆனால் 1979-ல் அதிபர் பதவிக்கு முயன்றபோது, ஏன் அதிபராக விரும்புகிறீர்கள் என்ற சாதாரணக் கேள்விக்குத் தொலைக்காட்சியில் வார்த்தை வராமல் தடுமாறினார். மறு வருஷம் உட்கட்சித் தேர்தலில் அப்போதைய அதிபர் கார்ட்டரிடம் தோற்றார். அவர் இறந்த பிறகு, 2010 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தல் விவாதத்தில், நெறியாளர் அந்த இடத்தைக் கென்னடியின் இடம் என்று குறிப்பிட்டார். குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் திருப்பிச் சொன்னார்: மரியாதையோடு சொல்கிறேன், இது கென்னடிகளின் இடமும் இல்லை, ஜனநாயகக் கட்சியின் இடமும் இல்லை, மக்களின் இடம். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்த மாநிலத்தில் அவர் ஜெயித்தார்.

பத்து வருஷம் கழித்து, 2020-ல், அதே மாநிலத்தின் இன்னொரு செனட் இடத்துக்கு எட்வர்டின் இன்னொரு அண்ணன் ராபர்ட் கென்னடியின் பேரன் ஜோ கென்னடி வந்தார். வயது 39. பார்க்க லட்சணமானவர், நல்ல பேச்சாளர். எதிரே அதே கட்சியின் எட் மார்க்கி, வயது 74, பால் வண்டி ஓட்டியவரின் மகன். 1976-லிருந்து நாடாளுமன்றத்தில் இருப்பவர். மாற்றம் வேண்டுமென்றால் இளைஞர்கள் கென்னடி பக்கம்தானே போக வேண்டும்? அவர்கள் கூட்டம் கூட்டமாக மார்க்கியிடம் போனார்கள். பருவநிலைக்காக அவர் கொண்டுவந்த திட்டம் அவர்கள் கையில் இருந்தது. எதற்காக அவரை மாற்ற வேண்டும் என்ற கேள்விக்குக் கென்னடியின் பதில் அவர்கள் மனதில் ஒட்டவில்லை.

நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நீ நாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேள். 1961-ல் ஜான் கென்னடி பதவியேற்றபோது சொன்னது, நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி வரை வந்து சேர்ந்த வாசகம். மார்க்கி தன் விளம்பரப் படத்தின் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சொன்னார்: நாட்டுக்கு என்ன செய்யலாம் என்று நாம் கேட்டோம், போய்ச் செய்தோம். மரியாதையோடு சொல்கிறேன், நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்கத் தொடங்க வேண்டிய நேரம் இது.

செப்டம்பர் முதல் தேதி வாக்கு எண்ணினார்கள். மார்க்கிக்குச் சுமார் 55 சதவீதம். மசாசூசெட்ஸில் நாடாளுமன்றத்துக்கான போட்டியில் அந்தக் குடும்பத்துக் கென்னடி ஒருவர் தோற்றது அதுதான் முதல் தடவை.