ஏழாவதாக வந்த பிள்ளையைப் பாருங்கள்

ஆசியுரை வழங்கிய பிரதம குருக்கள் அவர்களே, விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, அயற் பாடசாலைகளின் அதிபர்களே, கனடாவில் உழைத்த பணத்தில் இம்மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டுத் தந்த எங்கள் ஊர்ப் பெருமகன் அவர்களே, சனசமூக நிலைய நிர்வாகத்தினரே, தாய்மார்களே, விளையாட்டுக் கழக இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பணிப்பாளர் அவர்கள் வேறு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக நன்றி சொல்லாமல் மேலே போக என் மனம் இடம் கொடாது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நான் ஏறிய மேடைகளிலெல்லாம் சொல்லிவந்த பழமொழி இது. நெடுந்தூர ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கு இல்லை. ஒருவர் கண்ணிலும் படாத பிள்ளைகளைக் கல்லூரிப் பயிற்றுநர்கள் எப்படி முன்னணி வீரர்களாக்குகிறார்கள் என்பதை மூன்று விடயங்களில் சொல்ல விரும்புகிறேன்: இனங்காண்பது, வளர்ப்பது, காயப்படாமல் காப்பது.

இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டம் முடிகிறது. எல்லோர் கண்ணும் முதல் மூவர்மீது. சப்பாத்தில்லாமல் ஓடி ஏழாவதாக வந்த பையன் வேப்பமரத்தடியில் நிற்கிறான். முதலாவதாக வந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இளைக்கிறான். இவனுக்கோ ஒரு நிமிடத்தில் மூச்சு அடங்கிவிட்டது. உள்ளங்காலில் ஏறிய நெருஞ்சி முள்ளைப் பிடுங்கியபடி கூட்டாளியோடு கதைத்துக்கொண்டிருக்கிறான். நல்ல பயிற்றுநர் நேரே அவனிடம் போய்த்தான் பெயர் கேட்பார்.

பெயர் கேட்டபின் என்ன செய்வார்? அவசரப்படமாட்டார். அருகில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நாள்தோறும் ஓடவிடுவார். அப்படி ஓட ஓட, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் இரத்தம் கூடுகிறது. தசைகளுக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன. இதெல்லாம் மூன்று கிழமையில் வருவதில்லை, ஆண்டுக்கணக்கில் சேர்வது. அம்மி அப்படித்தான் நகரும். அமெரிக்காவில் 7,500 அடி உயரத்தில் இருக்கும் அலமோசா என்ற சிற்றூரில், அடம்ஸ் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் பயிற்றுவித்தவர் ஜோ விஜில். 1992ஆம் ஆண்டு, இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளுக்கான தேசிய நாடுகாண் ஓட்டத்தில், அதாவது மைதானத்துக்கு வெளியே புல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் போட்டியில், முதல் ஐந்து இடங்களையும் அவருடைய பிள்ளைகளே பிடித்தார்கள்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேட்கவேண்டும். எரித்திரியாவில் போர். உயிர் தப்புவதற்காக ஒரு தகப்பன் கால்நடையாகச் சூடானுக்குப் போகிறார். அங்கிருந்து இத்தாலிக்குப் போய், பாடுபட்டு உழைத்து, பின்னர் மனைவி பிள்ளைகளை அழைக்கிறார். 1987இல் குடும்பம் அமெரிக்காவின் சான் டியாகோவில் இறங்குகிறது. எங்கள் ஊரில் இந்தக் கதை இல்லாத வீடு எது? அந்தப் பிள்ளைகளில் ஒருவன் மெப் கெஃப்லெஸிகி, 12 வயது. ஆங்கிலம் வாயில் வராது. உடற்கல்விப் பாடத்தில் ஒரு மைல் ஓடச் சொல்கிறார்கள். ஓட்டப் பயிற்சி என்பதே அறியாத பிள்ளை 5 நிமிடம் 20 விநாடியில் ஓடி முடிக்கிறான். ஆசிரியர் அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால்? அவர் விடவில்லை. பையன் பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பொப் லார்சனிடம் போய்ச் சேர்கிறான். லார்சன் யார்? அதற்கு முன்பே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து ஒரு சிறிய கழகம் நடத்தி, 1976இல் அவர்களைத் தேசிய நாடுகாண் சம்பியன்களாக்கியவர். 2004, ஏதென்ஸ் ஒலிம்பிக் மரதனில் மெப்புக்கு வெள்ளிப் பதக்கம்! அதே ஒலிம்பிக்கில் பெண்கள் மரதனில் வெண்கலம் வென்ற டீனா காஸ்டர், நான் சற்று முன் சொன்ன விஜில் பயிற்றுவித்தவர். 2014இல் மெப் பொஸ்டன் மரதனை வென்றபோது அவருக்கு 38 வயது. அம்மி நகர்ந்தது பெரியோர்களே!

அதே பல்கலைக்கழகத்தில்தான் எங்கள் யாழ் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கமும் படித்தார். 1958இல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற எங்கள் பிள்ளை அவர். இந்த மண்ணில் ஆற்றலுக்குக் குறைவில்லை. ஓடுவதற்கு வலிகாமத்தில் செம்மண் பாதை உண்டு, மணற்காட்டில் மணற்குன்று உண்டு, பண்ணைப் பாலத்தில் எதிர்காற்று உண்டு. பிள்ளைகளுக்கு நேரம்தான் இல்லை.

காயங்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், இது அதைவிட அவசரம். பாடசாலை விட்டதும் ரியூசன், இருட்டும்வரை ரியூசன், ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன். இதய வளர்ச்சிக்கு ஆண்டுகள் வேண்டும் என்கிறேன், எங்கள் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் கிடைப்பதில்லை. அழகாக ஓடிய ஒரு மாணவி ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாள். ‘மாலை வகுப்பைத் தவறவிட்டால் பாடம் போய்விடும் சேர்’ என்று தாயார் என்னிடம் கண்கலங்கினார். அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். மற்றப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது தன் பிள்ளையை மட்டும் மைதானத்துக்கு அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு நின்றால்தான் அந்தப் பயம் போகும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரையும் ஞாயிறு முழுநாளும், பத்தாம் வகுப்புக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இப்பிரதேசத்தில் தனியார் வகுப்பு எதுவும் நடக்கக்கூடாது. கல்வி நிலைய உரிமையாளர்கள் எங்களுக்குப் பகைவர்கள் அல்லர், அவர்களும் இதில் ஒப்பமிட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பணிப்பாளர் அவர்கள் புறப்படும் முன் அதை அவர் கையில் கொடுக்கவேண்டும். பரிசளிப்பு முடிவதற்குள் பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டுத் தாருங்கள். நன்றி, வணக்கம்.