லிஸ்டில் மேலே எழுத வேண்டியது பாடம்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டெல்லித் தமிழ்ச் சொந்தங்களே, முன்வரிசையில் பிளஸ் டூ முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, வணக்கம்.

"காலேஜில் சேர முதலில் பார்க்க வேண்டியது பெயரா, பாடமா?" பாடமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பெயர் பெற்ற காலேஜ்கள் இருக்கும் வடக்கு வளாகத்தைச் சொல்லி, "நார்த் கேம்பஸ் என்று சொன்னாலே நாலு கதவு திறக்கும்" என்றார். அண்ணா, அந்தக் கதவு வழியாக நான் மூன்று வருஷம் போய் வந்தவள்.

மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து முத்ரிகா பஸ் பிடித்து, ரிங் ரோட்டைப் பாதி சுற்றிப் போவேன். பெயர் பெற்ற காலேஜ், கணக்கு ஆனர்ஸ். அப்பா ஊருக்கெல்லாம் இன்லண்ட் லெட்டர் போட்டார். எனக்கோ வரலாறு என்றால் உயிர். மடியில் கணக்கு நோட்டு, அதற்குள் வரலாற்றுப் புத்தகம். ஒரு பேப்பரில் ஃபெயிலான அன்று அந்தப் பெரிய கேட்டுக்கு வெளியே நின்று அழுதேன். பெயர் வந்து கண்ணைத் துடைக்கவில்லை, நடுவர் அவர்களே.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எந்தக் காலேஜில் சேர்ந்தாலும் ஒரு பாடத்துக்கு ஒரே சிலபஸ், ஒரே கேள்வித்தாள்; பட்டம் தருவதும் பல்கலைக்கழகம்தான். 2022-லிருந்து கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து சீட். அதே ஆண்டு வந்த புதிய திட்டத்தில் படிப்பு நான்கு வருஷம், விரும்பினால் மூன்றில் முடிக்கலாம். எட்டு செமஸ்டர் பிடிக்காத பாடத்தோடு எப்படி ஓட்டுவது?

பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். சீட்டுக்காக நீங்கள் விருப்ப வரிசைப்படி ஆன்லைனில் போடும் லிஸ்டில் காலேஜும் பாடமும் ஜோடியாகத்தான் போகும். கிடைத்த சீட்டை கெடுவுக்குள் ஏற்காவிட்டால் அடுத்த சுற்றுகளுக்கு வழியில்லை. ஏற்றுக்கொண்டு, அப்கிரேட், அதாவது லிஸ்டில் அதற்கு மேலே எழுதியதற்கு மாற்றம் கேட்டால், அது கிடைத்த நொடியே பழைய சீட் போய்விடும். காலேஜ் பெயருக்காகப் பிடிக்காத பாடத்தை மேலே போட்டவர்கள், கையில் வந்த பிடித்த பாடத்தை இப்படித்தான் தொலைக்கிறார்கள்.

போன வருஷம் என் வீட்டிலும் அதே கதை. ராத்திரி பதினொரு மணிக்கு, என் வீட்டுக்காரர் போட்ட லிஸ்டில் முதல் பன்னிரண்டு வரியும் நார்த் கேம்பஸ். பாடம் ஏதோ ஒன்று. மகள் பேசவே இல்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஜியாகிரபி வரிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தாள். ஷேக் சராய் பக்கம் ஒரு காலேஜில் கிடைத்தது. இன்று என் அடுப்படி அலமாரியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் யமுனைக் கரை மண், மூன்று டப்பாவில், தேதி எழுதி ஒட்டியிருக்கிறது. எடுத்து வேறு இடத்தில் வைத்தால் சண்டைக்கு வருகிறாள்.

கேம்பஸில் ஆள் எடுக்க வரும் கம்பெனி பெயரைப் பார்க்கும் என்றார் அண்ணன். பார்க்கும், மறுக்கவில்லை. உட்கார வைத்து, பாடத்தில் நாலு கேள்வியும் கேட்கும். நான் அந்த நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்தவள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பைப் பாடத்தின் பக்கம் தாருங்கள். பிள்ளைகளே, லிஸ்ட் போட்டு வைத்திருப்பவர்கள் டீ நேரத்தில் போனோடு வாங்க. முதல் செமஸ்டர் சிலபஸையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.