பொழுது சாய்ந்தால் தடுமாறும் கண்

நேயர்களுக்கு வணக்கம்.

பகலெல்லாம் ஓடியாடிய குழந்தை, பொழுது சாய்ந்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. காலடியில் கிடக்கும் பந்தைக் கையால் துழாவுகிறது. பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் கேலி செய்வார்கள். பாவம், அந்தி நேரத்தில் எல்லோருக்குமே இப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். இதுதான் மாலைக்கண்.

விழித்திரையில் ரொடாப்சின் என்றொரு நிறமி உண்டு. மங்கிய வெளிச்சத்தில் நாம் பார்ப்பது அதன் தயவில்தான். ஒளி பட்டதும் அது சிதைந்துவிடும். மறுபடி உருவாக வைட்டமின் ஏ வேண்டும். பற்றாக்குறை நீடித்தால் கண் வறண்டு, வெள்ளைப் பகுதியில் சோப்பு நுரை ஒட்டினாற்போல ஒரு திட்டு தெரியும். அப்போதும் கவனிக்காவிட்டால் கருவிழியே இளகிப் பார்வை போய்விடும்.

கண்ணோடு நிற்கிற விஷயமில்லை இது. மூச்சுக்குழாய், குடல் இவற்றின் உட்பூச்சு உறுதியாக இருப்பதும் இந்தச் சத்தால்தான். இந்தோனேசியாவில் ஆய்வு செய்த கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சாமர், லேசான மாலைக்கண் உள்ள குழந்தைகள்கூட மற்றவர்களைவிட அதிகமாக இறப்பதை 1983இல் எழுதினார். கண்ணைப் பார்க்கப் போனவர் உயிரின் கணக்கைக் கண்டார். தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுப்பதும் உயிரைக் காக்கத்தான்.

"கேரட் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா டாக்டர்?" என்று கேட்காத ஆளில்லை. முடியாது. கேரட், கீரை, பூசணியில் இருப்பது பீட்டா கரோட்டின். உடல்தான் அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம்தான் தேறும். வேகவைத்து, கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் நன்றாக உடலில் சேரும். ஈரல், முட்டை மஞ்சள் கரு, பாலில் வைட்டமின் ஏ நேரடியாகவே கிடைக்கிறது.

அதற்காக மாத்திரையை அள்ளி விழுங்காதீர்கள். மிஞ்சியது சிறுநீரில் போகாது, ஈரலில் தங்கும். 1597இல் துருவக் கரடியின் ஈரலைத் தின்ற டச்சு மாலுமிகளுக்குத் தோலே உரிந்தது. பெரியவர்களுக்கு உச்சவரம்பு நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராம் ரெட்டினால், அதாவது நேரடி வைட்டமின் ஏ. கர்ப்பிணிகள் இதைத் தாண்டினால் கருவுக்கே ஊனம் வரலாம்.

காய்கறிக் கரோட்டினுக்கு இந்தப் பயமில்லை. கேரட்டாகவே தின்னும் பிள்ளைக்கு உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். காமாலையோ என்று பதறுவதற்குமுன் கண்ணைப் பாருங்கள். காமாலையில் கண்ணும் மஞ்சளாகும். கேரட் மஞ்சளில் கண் வெள்ளையாகவே இருக்கும். சந்தேகமிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வணக்கம்.