கொதிக்கும் பீரங்கித் துளையை வெறும் விரலால் அடைத்தது ஏன்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்தின போன காணொளிக்கு ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "கெட்டிஸ்பர்க்ல செத்துப்போன அலோன்ஸோ குஷிங்ங்கிற 22 வயசு அதிகாரி, கட்டைவிரல் வெந்து எலும்பு தெரியிற வரைக்கும் பீரங்கித் துளையை அடைச்சிருந்தார்னு சொல்றாங்களே, அது எதுக்கு? அவருக்கு விருது கொடுக்க 151 வருஷம் ஏன் ஆச்சு?" ரொம்ப நல்ல கேள்விங்க. விரல்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் காலத்து பீரங்கிக்கு வாய் வழியாத்தான் மருந்து போடணும். கோயில் திருவிழாவுல வேட்டுக்குழாய்க்குள்ள மருந்து கெட்டிக்கிறதைப் பாத்திருப்பீங்க, கிட்டத்தட்ட அதே வேலைதான். குழலோட பின்பக்கம், மேல, ஒரு சின்னத் துளை இருக்கும். தீப்பொறி உள்ள போறது அந்த வழியாத்தான். வெடிமருந்து துணிப் பையில கட்டியிருக்கும். ஒருதரம் சுட்டதும் அந்தத் துணியோட துணுக்கு உள்ளயே கங்கா கிடக்கும். அதனால முதல் ஆள் ஈரப் பஞ்சுக்கோலை உள்ள விட்டுத் துடைப்பார். ரெண்டாவது ஆள் புது மருந்தையும் குண்டையும் வாயில வைப்பார். முதல் ஆள் அதைக் கோலால அடிவரைக்கும் தள்ளிக் கெட்டிப்பார்.

துடைக்கிறப்பவும் சரி, கெட்டிக்கிறப்பவும் சரி, மூணாவது ஆள் அந்தத் துளையைக் கட்டைவிரலால இறுக்கி அடைச்சே இருக்கணும். அடைச்சா காத்தோட்டம் கிடையாது, கங்கு மூச்சுமுட்டி அணைஞ்சிடும். விரலை எடுத்தா, கோல் போய்வர்ற வேகத்துக்குக் காத்து துளை வழியா ஓடி, கங்கை ஊதி விட்டுடும். அந்த நேரத்துல புது மருந்து உள்ள வந்தா அங்கேயே வெடிச்சிடும். கோலைப் பிடிச்சுக்கிட்டு பீரங்கி வாய்க்கு நேரா நிக்கிற ஆளுக்குக் கை போகும், உயிரும் போகலாம். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் விரலை எடுத்து, துளை வழியா கம்பியால மருந்துப் பையைக் குத்திக் கிழிப்பாங்க. நாலாவது ஆள் உரசு திரியைச் செருகிக் கயித்தை இழுப்பார்.

விரலுக்கு ஒரு தோல் உறை உண்டு, உள்ள மயிர் திணிச்சிருக்கும். அது இல்லாம, வரிசையா சுட்டுக் கொதிக்கிற இரும்புல விரலை வச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. குஷிங் அப்படித்தான் வெறும் விரலை வச்சார்னு சொல்றாங்க.

ஒரு அதிகாரி ஏன் இதைச் செய்யணும்? ஆள் இல்லைங்க, அதான் காரணம். குஷிங் அமெரிக்க அரசோட வடதரப்புப் படையில இருந்தவர்; எதிரி, பிரிஞ்சுபோன தென்மாநிலங்களோட தென்தரப்புப் படை. 1863 ஜூலை 3, கெட்டிஸ்பர்க் சண்டையில, மதியம் ஒரு மணி வாக்குல தென்தரப்போட சுமார் 150 பீரங்கி சுட ஆரம்பிச்சுது. குஷிங்கோட பிரிவு, அதாவது 4வது பீரங்கிப் படையோட ஏ பேட்டரி, சரியா அந்த அடியில மாட்டிக்கிச்சு. ஆறு பீரங்கியில கடைசியா ரெண்டுதான் உருப்படியா மிஞ்சுச்சு. பயிற்சி பெத்த ஆளுங்க விழுந்ததால, பக்கத்துல இருந்த காலாட்படைக்காரங்களைக் கூப்பிட்டு வேலைக்கு விட்டாங்க. துப்பாக்கி பிடிச்சுப் பழகின ஆள்கிட்ட இந்தத் துளையை நம்பி விட முடியாது. இது என் கணிப்பு.

அவருக்கு முதல்ல தோள்ல அடி. அப்புறம் அடிவயித்துல, ரொம்ப மோசமான காயம். பின்னாடி போகச் சொன்னாங்க, போகலை. சத்தமா கத்த முடியலை. அதனால ஃபிரெட்ரிக் ஃபூகர்ங்கிற சார்ஜென்ட் அவரைத் தாங்கிப் பிடிச்சு, அவர் சொல்றதை மத்தவங்களுக்கு எடுத்துச் சொன்னார். மிஞ்சின பீரங்கியைக் கல்சுவர் வரைக்கும் தள்ளிட்டுப் போனாங்க. எதிர்ல சுமார் 12,500 பேர் திறந்த வயல்ல நடந்து வர்றாங்க.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். அவர்கிட்ட இருந்தது 3 அங்குல, உள்ள மரை வெட்டின பீரங்கி. தூரத்துக் குறிக்கு அருமையானது. கிட்ட வர்ற கூட்டத்துக்கு, தகர டப்பாவுல சின்னச் சின்ன இரும்புக் குண்டு நிரப்பிச் சுடுவாங்க, சுமார் 350 மீட்டருக்குள்ளதான் அது பலன் தரும். குழல் குறுகலா இருந்தா டப்பாவும் சின்னது, குண்டும் கம்மி. வாய் அகலமான நெப்போலியன் பீரங்கிதான் அந்த வேலைக்குச் சரி. பொருத்தமில்லாத பீரங்கியை வச்சுக்கிட்டு முன்னால போனார்ங்கிறதாலயே எனக்கு அவர் மேல மரியாதை கூடுது.

எதிரி சுமார் 100 கஜத்துல இருக்கிறப்ப வாயில குண்டு பாய்ஞ்சு அங்கேயே உயிர் போச்சு. கொஞ்ச நேரத்துல சுவரைத் தாண்டி வந்த தென்தரப்பு ஜெனரல் ஆர்மிஸ்டெட், அதே பீரங்கிகளுக்கு நடுவுலதான் அடிபட்டு விழுந்தார். தாக்குதல் அங்க முறிஞ்சுது.

குஷிங் விஸ்கான்சின்ல, இப்ப டெலாஃபீல்டுனு சொல்ற ஊர்ல 1841ல பிறந்தவர். அப்பா சின்ன வயசுலயே போயிட்டார், அம்மாதான் வளர்த்தாங்க. 1861 ஜூன்ல வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிப் படிப்பை முடிச்சார், பின்னால பேர்பெற்ற குதிரைப்படைத் தளபதி கஸ்டரும் அதே வகுப்புதான். புதைச்சதும் வெஸ்ட் பாயின்ட்லயே.

இப்ப விருது. அது மெடல் ஆஃப் ஹானர், அமெரிக்க ராணுவத்தோட மிக உயர்ந்த வீர விருது. போர்ல செத்தவங்களுக்கு அதைப் பெரும்பாலும் அப்ப கொடுக்கலை. உயிரோட இருந்த ஃபூகருக்கு 1897ல கிடைச்சிடுச்சு. அப்புறம் கால வரம்புச் சட்டம் குறுக்க வந்துடுச்சு. டெலாஃபீல்டுல குஷிங் குடும்ப நிலத்துல குடியிருந்த ஒரு அம்மா, 1980கள்லேர்ந்து அதிகாரிகளுக்கு எழுதி எழுதிக் கேட்டாங்க. கடைசியில நாடாளுமன்றம் அந்த வரம்புக்கு விலக்கு கொடுக்க, 2014 நவம்பர் 6ல அதிபர் ஒபாமா விருதைக் கொடுத்தார். குஷிங்குக்குக் கல்யாணம் ஆகலை, நேர் வாரிசு கிடையாது. தூரத்துச் சொந்தக்காரங்க ஒருத்தர் வந்து வாங்கிக்கிட்டாங்க.